இரண்டு முறை தோல்வி, மூன்றாவது முறை 13-வது இடம்: ஆர்க்கிடெக்ட் ஜூலியா மோர்கன் லைசென்ஸ் வாங்கிய கதை

1906 ஏப்ரல் 18, அதிகாலை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பூகம்பம் உலுக்கி எடுத்தது. பின்னாலேயே வந்த தீ, இருந்ததையும் தின்றுவிட்டது. விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஓக்லாந்தும் ஆடித்தான் போனது. ஆனால், அங்கே மில்ஸ் கல்லூரி வளாகத்தில் இருந்த 72 அடி உயர மணிக்கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதைக் கட்டி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வடிவமைத்தவர் ஜூலியா மோர்கன். கலிஃபோர்னியாவில் ஆர்க்கிடெக்ட் லைசென்ஸ் பெற்ற முதல் பெண். அந்த ஒரு லைசென்ஸுக்காக அவர் கடந்த தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

படிக்க இடமே இல்லை

ஜூலியா 1872-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஓக்லாந்தில் வளர்ந்தவர். ஆர்க்கிடெக்ட் ஆக ஆசை. ஆனால், பக்கத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அப்போது அந்தப் படிப்பே கிடையாது. சரி என்று சிவில் இன்ஜினீயரிங் சேர்ந்தார். ஆண்கள் நிறைந்த வகுப்பில் படித்து 1894-ல் பட்டம் வாங்கினார்.

பெர்க்லியில் அவருக்குக் கிடைத்த வழிகாட்டி, ஆர்க்கிடெக்ட் பெர்னார்ட் மேபெக். பாரிஸில் உள்ள எகோல் தே போஸார் கல்லூரியில் படித்தவர். உலகின் பெயர்பெற்ற கட்டடக்கலைக் கல்லூரி அதுதான். நீயும் அங்கே போ என்று சொன்னவர் அவர்தான். ஒரே ஒரு சிக்கல். அந்தக் கல்லூரியில் பெண்களைச் சேர்ப்பதில்லை.

1896-ல் ஜூலியா கப்பலேறிவிட்டார். பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று பிரெஞ்சுப் பெண் கலைஞர்கள் அப்போது போராடிக்கொண்டிருந்தார்கள். 1897-ல் கதவு திறந்தது. ஆனால், நுழைவுத் தேர்வு எழுதத்தான் அனுமதி. மற்றதெல்லாம் அவரவர் பாடு.

அடி, இன்ச்சிலிருந்து மீட்டருக்கு

கணிதம், வடிவியல், வரலாறு, வரைதல், கட்டட வடிவமைப்பு என்று தேர்வு பல நாள் நடக்கும். எல்லாமே பிரெஞ்சில். அடி, இன்ச் கணக்கிலேயே பழகியவர் மீட்டர் கணக்குக்கு மாற வேண்டியிருந்தது. முதல் முயற்சியில் 42-வது இடம். எடுத்துக்கொள்வதோ முதல் 30 பேரை மட்டும்.

இரண்டாவது முறையும் கிடைக்கவில்லை. பெண் என்பதால் வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைத்ததாக அவருக்குத் தகவல் வந்தது. வேறு யாராக இருந்தாலும் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். ஜூலியா மறுபடியும் உட்கார்ந்து படித்தார். 1898-ல் மூன்றாவது முயற்சி. இந்தத் தடவை 13-வது இடம். இனி மறுக்க வழியில்லை. அந்தக் கல்லூரியின் கட்டடக்கலைப் பிரிவில் சேர்ந்த முதல் பெண் ஆனார்.

அத்தோடு முடியவில்லை. அங்கே 30 வயதுக்கு மேல் யாரும் படிக்க முடியாது. வருஷக் கணக்கு வைத்துத் தேர்ச்சி தருவதும் இல்லை. வடிவமைப்புப் போட்டிகளில் கலந்துகொண்டு புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். சேர்ந்தபோதே ஜூலியாவுக்கு வயது 26. பலருக்கு ஐந்து வருஷமோ அதற்கு மேலோ ஆகும் வேலையை மூன்றே வருஷத்தில் முடித்தாக வேண்டும். முடித்தார். 1902-ல் சான்றிதழோடு ஊர் திரும்பினார்.

லைசென்ஸ் ஏன் முக்கியம்?

கலிஃபோர்னியாவில் அதுவரை யார் வேண்டுமானாலும் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். 1901-ல் சட்டம் வந்தது. மாநில வாரியத்திடம் தகுதியை நிரூபித்து லைசென்ஸ் வாங்கியவர்தான் இனி அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும்.

ஊர் திரும்பிய ஜூலியா, பெர்க்லி வளாகத்தின் கட்டடங்களை வடிவமைத்துக்கொண்டிருந்த ஜான் கேலன் ஹோவர்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். தன்னிடம் அருமையான திறமைசாலி ஒருவர் இருக்கிறார், பெண் என்பதால் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்று ஹோவர்ட் பெருமையடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். பாரிஸ் சான்றிதழ் கையில் இருந்தும் இதுதான் நிலைமை.

ஜூலியா 1904-ல் லைசென்ஸ் வாங்கினார். அதே வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் சொந்த அலுவலகம் திறந்தார். அந்த வருஷம் எழுந்ததுதான் மில்ஸ் கல்லூரி மணிக்கோபுரம். கம்பி கட்டி கான்கிரீட் போடுவது அந்தப் பகுதிக்கு அப்போது புதுசு. இன்ஜினீயரிங் படிப்பும் பாரிஸ் பயிற்சியும் சேர்ந்து அங்கே கைகொடுத்தன.

பூகம்பம் வைத்த பரீட்சை

1906 தீயில் ஜூலியாவின் அலுவலகமும் போய்விட்டது. ஆனால், கோபுரம் நின்றது. இவருக்கு கான்கிரீட் தெரியும் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. தீயில் உருக்குலைந்த ஃபேர்மான்ட் ஓட்டலைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பூகம்பம் நடந்து ஒரே வருஷத்தில், 1907-ல் ஓட்டல் திறந்தது.

அப்போது அங்கே வந்த நிருபர் ஒருவர், ஜூலியா உள்அலங்காரத்தைக் கவனிக்கிறவர் என்று நினைத்துப் பேசினாராம். ஜூலியா பார்த்ததோ தூண், உத்தரம், தளம். கட்டடம் நிற்குமா நிற்காதா என்கிற வேலை.

பிறகு வேலைக்குப் பஞ்சமே இல்லை. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டுக்காக சான் சிமியோன் மலைமேல் மாளிகை கட்டும் வேலை 1919-ல் தொடங்கி 1947 வரை நடந்தது. இன்று ஹெர்ஸ்ட் காசில் என்று சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது அதைத்தான். வீடுகள், தேவாலயங்கள், பெண்கள் விடுதிகள் என்று அவர் வடிவமைத்தவை மொத்தம் 700-க்கும் மேல்.

லைசென்ஸ் வேறு, உறுப்பினர் வேறு

லைசென்ஸ் அரசு தருவது. அது இருந்தால்தான் தொழில் செய்யலாம். உறுப்பினர் தகுதி, தொழில் அமைப்பு தருவது; சக கலைஞர்கள் தரும் அங்கீகாரம். அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் கழகம் 1888-லேயே லூயிஸ் பெத்யூன் என்ற பெண்ணை உறுப்பினராக்கியிருந்தது. ஜூலியா அதில் சேர்ந்தது 1921-ல். அதற்குள் அவர் 17 வருஷம் சொந்தமாகத் தொழில் நடத்தியிருந்தார்.

பேட்டி, விளம்பரம் எதுவும் அவருக்குப் பிடிக்காது. லாபத்தில் ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தார். இளம்பெண்களை வேலைக்கு எடுத்து, வரையவும் கட்டவும் சொல்லிக்கொடுத்தார். 1951-ல் அலுவலகத்தை மூடினார். 1957-ல் 85 வயதில் காலமானார்.

அதே கழகத்தின் மிக உயரிய விருது தங்கப் பதக்கம். அதை வாங்கிய முதல் பெண்ணும் ஜூலியாதான். ஆனால், அவருக்கு அது அறிவிக்கப்பட்டது 2014-ம் ஆண்டுக்கான விருதாக, இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு. ஓக்லாந்தில் அந்த மணிக்கோபுரம் இன்றும் நிற்கிறது.