குரோம்வெல் ஃபிளீட்வுட் வார்லி

குரோம்வெல் ஃபிளீட்வுட் வார்லி (ஏப்ரல் 6, 1828 – செப்டம்பர் 2, 1883) இங்கிலாந்தைச் சேர்ந்த தந்திப் பொறியியலாளர் ஆவார். கம்பியில் ஏற்பட்ட பழுது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை ஒரு முனையில் இருந்தபடியே அளந்தறியும் வளையச் சோதனை இவர் பெயரால் வழங்குகிறது.

வாழ்க்கை

இலண்டனின் கென்டிஷ் டவுன் பகுதியில் பிறந்தார். தந்தை கார்னீலியஸ் வார்லி ஓவியர். ஒளியியல் கருவிகள் செய்வதிலும் வல்லவர். ஆலிவர் குரோம்வெல், தளபதி ஃபிளீட்வுட் ஆகியோரின் வழிவந்தோர் எனக் குடும்பத்தார் நம்பியதால் இப்பெயர் அமைந்தது. 1846இல் எலெக்ட்ரிக் டெலிகிராப் கம்பெனியில் சேர்ந்து, 1861இல் அதன் தலைமைப் பொறியாளரானார்.

1858இல் இடப்பட்ட அட்லாண்டிக் கடலடிக் கம்பிவடம் சில வாரங்களிலேயே செயலிழந்தது. வைல்டுமன் வைட்ஹவுஸ் அதில் மிகை மின்னழுத்தம் செலுத்தியது முக்கிய காரணமாகக் கூறப்படுகிறது. தோல்வியை ஆராய்ந்த குழுவில் வார்லி உறுப்பினராக இருந்தார். பின்னர் வைட்ஹவுசின் பொறுப்பும் இவரிடமே வந்தது. 1866இல் அட்லாண்டிக் இணைப்பு நிலைபெற்றது. 1871இல் அரச கழக உறுப்பினரானார்.

வார்லி வளையச் சோதனை

கடலுக்கடியிலோ மண்ணுக்கடியிலோ உள்ள வடத்தை முழுவதும் தோண்டிப் பார்க்க இயலாது. எனவே தொலைமுனையில் பழுதான கம்பியை ஒரு நல்ல கம்பியுடன் இணைத்துவிடுவர். இதனால் வளையத்தின் இரு முனைகளும் சோதிப்பவர் கைக்கு வந்துவிடுகின்றன. கைகள் சமமான வீட்ஸ்டன் சமனச்சுற்றில், பழுதான கம்பியின் பக்கம் மாறு மின்தடையைச் சேர்த்துச் சமநிலை காணப்படும். வளையத்தின் மொத்த மின்தடையிலிருந்து சேர்த்த மின்தடையைக் கழித்து, இரண்டால் வகுத்தால் பழுது வரையிலான மின்தடை கிடைக்கும்.

2015 வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூரை நோக்கித் தாம்பரத்திலிருந்து 5 கி.மீ. செப்புக் கம்பி இணை செல்வதாகவும், ஓரிடத்தில் நீர் புகுந்து ஒரு கம்பியில் மட்டும் மின்கசிவு ஏற்பட்டதாகவும் கொள்வோம். கி.மீ.க்கு 84 ஓம் எனில் வளையம் 840 ஓம். சேர்த்தது 336 ஓம் எனில் விடை 252 ஓம், அதாவது 3 கி.மீ. ஈரத்தின் அளவைப் பொறுத்து மாறும் கசிவு மின்தடை இக்கணக்கில் வருவதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு.

இலக்கமுறைத் தடங்களில் செய்யப்படும் லூப்பேக் சோதனையும் இதை ஒத்ததே, ஆயினும் வார்லி கண்டது அன்று. விநாடிக்கு 2048 கிலோபிட் செல்லும் இ1 தடத்தில், எதிர்முனைக் கருவி தான் பெறும் பிட்டுகளை அப்படியே திருப்பி அனுப்புமாறு அமைக்கப்படும். அனுப்பியதும் திரும்பியதும் ஒப்பிடப்பட்டுப் பிழைகள் எண்ணப்படும். முதலில் தன் கருவியிலும், அடுத்து எதிர்முனை மோடத்திலும் வளையமிட்டால், எந்தப் பகுதியில் பிழை தொடங்குகிறது எனத் தெரியும். தொலைவு தெரியாது, அதற்குச் செப்புக் கம்பிகளில் வார்லி முறை போன்ற அளவீடுதான் வேண்டும்.

பிற்காலம்

வார்லிக்கு ஆவியுலக நம்பிக்கையும் இருந்தது. 1874இல் ஃபுளோரன்ஸ் குக் என்ற ஆவி ஊடகப் பெண்ணை, வில்லியம் குரூக்சின் ஆய்வுகளின்போது, மின்சுற்றில் இணைத்துக் கால்வனோமானியால் கண்காணித்தார். சுற்று அறுபடாததால் அவர் இடம்விட்டு எழவில்லை என முடிவு செய்தார். அத்தகைய சுற்றை ஏமாற்ற இயலும் எனப் பிறர் பின்னர் மறுத்தனர். கம்பியில் அத்தனை கவனமாயிருந்தவர் இங்கு ஏமாந்தார் என்பதே பெரும்பாலோர் கருத்து. வார்லி கென்ட் மாவட்டத்தின் பெக்ஸ்லிஹீத்தில் காலமானார்.