கம்பியின்றி ஒலித்த மணி

கணினியையும் சுட்டியையும் இணைக்கக் கம்பி தேவைப்படாத காலம் இது. கணினியின் அமைப்புகளில் புளூடூத் என்னும் பகுதியைத் திறந்தால், அருகிலுள்ள சுட்டி, விசைப்பலகை, ஒலிபெருக்கி, அச்சுப்பொறி ஆகியவற்றின் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றும். வேண்டிய பெயரைத் தெரிவுசெய்து, கேட்கப்படும் எண்ணையும் உறுதிசெய்தால் இரண்டும் இணைந்துவிடும். இந்த இணைப்பைச் சுமந்து செல்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகள். கணினி என்ற சொல்லே பிறவாத காலத்தில், கொல்கத்தாக் கல்லூரி ஒன்றின் சிறிய அறையில் அமர்ந்து அவ்வலைகளை உண்டாக்கியும் வளைத்தும் ஆராய்ந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

ஜகதீஷ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காளதேச நாட்டில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் துணை நீதிபதியாகப் பணிபுரிந்தவர். அக்காலத்தில் இத்தகைய அதிகாரிகள் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரர் அவ்வாறு எண்ணவில்லை. பிற மொழியைக் கற்பதற்கு முன் தாய்மொழியைக் கற்க வேண்டும், தம் மண்ணின் மக்களை அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே, மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஜகதீஷின் ஒருபுறம் தந்தையின் பணியாளரான இசுலாமியர் ஒருவரின் மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருப்பர். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் கூறிய கதைகளைக் கேட்டே இயற்கையின்பால் தமக்கு ஆர்வம் பிறந்தது எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

அவரை நாள்தோறும் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் யார் என்பதும் வியப்புக்குரியதே. அவர் ஒரு முன்னாள் கொள்ளையர். பகவான் சந்திரராலேயே தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றவர். விடுதலையான பின் பிழைக்க வழியின்றி நீதிபதியிடமே வந்து நின்றார். நீதிபதி அவருக்குத் தம் வீட்டிலேயே வேலை கொடுத்தார். அவர் தோளில் அமர்ந்து, அவருடைய பழைய சாகசங்களைக் கேட்டபடியே சிறுவர் ஜகதீஷ் பள்ளிக்குச் சென்றார்.

1869ஆம் ஆண்டு கொல்கத்தாவுக்கு வந்ததும் நிலைமை மாறியது. முதலில் ஹேர் பள்ளி, பின்னர்ப் புனித சேவியர் பள்ளி. உடன் பயின்றவர்களுள் பலர் ஆங்கிலமே வீட்டுமொழியாகக் கொண்டவர்கள். கிராமத்திலிருந்து வந்த மாணவருக்கு அவர்கள் பேச்சும் விளையாட்டும் புதியனவாக இருந்தன. தனிமையில் வாடிய அவர் தம் கைச்செலவுப் பணத்தில் சிறு உயிர்களை வாங்கி வளர்த்தார், செடிகளை நட்டார். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் கொண்ட மாணவர்கள் இந்நிலையை எளிதில் உணர்வர்.

புனித சேவியர் கல்லூரியில் அவருக்கு லஃபோன் பாதிரியார் இயற்பியல் ஆசிரியராக வாய்த்தார். எதையும் சோதனை செய்து காட்டியே விளக்கும் வழக்கமுடையவர் அவர். 1879இல் பட்டம் பெற்றபின் ஜகதீஷ், இலண்டன் சென்று ஆட்சிப்பணித் தேர்வு எழுத விரும்பினார். தந்தை இசையவில்லை. மகன் பிறரை ஆள்வதைவிட அறிஞனாக விளங்குவதையே அவர் விரும்பினார். இலண்டனில் மருத்துவம் பயிலத் தொடங்கிய ஜகதீஷை நோய் வாட்டியதால் அப்படிப்பும் பாதியில் நின்றது. பின்னர்க் கேம்பிரிட்ஜில் சேர்ந்து இயற்கை அறிவியல் பயின்றார். புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர் ராலே பிரபு அங்கு அவருக்கு ஆசிரியரானார்.

1885ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய ஜகதீஷ், கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். ஆனால், அங்கே ஓர் அநீதி காத்திருந்தது. ஒரே பணியைச் செய்தாலும், ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. ஜகதீஷின் பணி தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியையே அவருக்கு அளித்தனர். அவர் சண்டையிடவில்லை, பணியைத் துறக்கவும் இல்லை. ஊதியத்தைப் பெற மறுத்து, ஒரு நாளும் தவறாமல் வகுப்பு நடத்தினார். ஒரு மாதம், இரு மாதம் அன்று. மூன்றாண்டுகள் இவ்வாறு நடந்தன. அதே காலத்தில் தந்தை பெருங்கடனில் சிக்கியிருந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் இம்மறுப்பின் கடுமை விளங்கும். முடிவில் கல்லூரி பணிந்தது. பணியில் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிட்டு முழு ஊதியமும் வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

இந்த நெருக்கடியின் நடுவே, 1887இல், அவர் அபலா தாஸ் என்னும் பெண்மணியை மணந்தார். மருத்துவம் பயில விரும்பிய அபலாவுக்குக் கொல்கத்தா மருத்துவக் கல்லூரி, பெண் என்பதால் இடம் மறுத்தது. எனவே அவர் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் அப்படிப்பை முடிக்க இயலாமற்போயிற்று. பிற்காலத்தில் வங்காளத்தில் பெண் கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

1894ஆம் ஆண்டு, தம் 36ஆம் பிறந்தநாளன்று, எஞ்சிய வாழ்வை ஆராய்ச்சிக்கே அளிப்பது என ஜகதீஷ் உறுதிபூண்டார். கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை, உதவித்தொகை இல்லை. வகுப்புகள் முடிந்த பின் கிடைத்த நேரமும் ஒரு சிற்றறையுமே இருந்தன. கருவிகளைச் செய்ய அவருக்குக் கிடைத்தவர், அறிவியல் கருவியை அதுவரை கண்டிராத ஒரு தகரக் கொல்லர். அவருக்குக் கற்பித்துக்கொண்டே தம் கருவிகளை அவர் உருவாக்கினார்.

அவர் ஆராயப் புகுந்த பொருள் யாது? மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலைகளாகப் பரவக்கூடும் என்று மாக்ஸ்வெல் கணித முறையில் காட்டியிருந்தார். ஹெர்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் அவ்வலைகளை உண்டாக்கி அதை மெய்ப்பித்தார். ஆயினும் அவர் கையாண்ட அலைகள் நீளமானவை. அவற்றைக் குவிக்க ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள உலோக ஆடிகள் தேவைப்பட்டன. ஒளியைப் போலவே இவ்வலைகளும் எதிரொளிக்கும், விலகும் என்பதைத் துல்லியமாகச் சோதிக்க வேண்டுமானால் அலைநீளம் சிறியதாக வேண்டும். அலை சுருங்கினால் கருவியும் சுருங்கும்; சிற்றறையே போதும். வசதியின்மையையே வாய்ப்பாக்கிய சிந்தனை இது. பிளாட்டினக் குண்டுகளுக்கு இடையே சிறு தீப்பொறியை உண்டாக்கி, 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகள் வரை அவர் பெற்றார்.

அலையை உண்டாக்குவது பாதி வேலைதான். அதைப் பெறுவது மீதிப் பாதி. அன்றைய பெறுகருவி, உலோகத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய். அலை பட்டதும் தூள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். ஆனால், அடுத்த அலையை உணர வேண்டுமானால் குழாயைத் தட்டித் தூள்களைக் குலைக்க வேண்டும். வங்காளத்தின் வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் அது முறையாக இயங்கவும் இல்லை. ஜகதீஷ் தூளை நீக்கிவிட்டு, மெல்லிய எஃகுச் சுருள்களை அடுக்கி வைத்தார். ஒரு திருகைத் திருப்பினால் சுருள்களின் மீதுள்ள அழுத்தம் மாறும். மின்னழுத்தத்தையும் கூட்டவோ குறைக்கவோ இயலும். இவ்விரண்டையும் தக்க அளவில் அமைத்தால்தான் பெறுகருவி அனுப்புகருவியின் அலைக்கு இசையும். இன்று கணினிக்கும் சுட்டிக்கும் இடையே நொடிப்பொழுதில் தானாகவே நிகழும் இசைவை அவர் திருகைத் திருப்பித் திருப்பிப் பொறுமையுடன் பெற்றார். அலைகள் சிதறாமல் சேர்வதற்காகக் கருவியின் வாயில் உலோகப் புனல் ஒன்றையும் பொருத்தினார். புனல் வடிவ உணர்கொம்புகள் நுண்ணலைக் கருவிகளில் இன்றும் பயன்படுகின்றன.

1895ஆம் ஆண்டு கொல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன்னிலையில் இச்சோதனை நடைபெற்றது. ஓர் அறையில் அனுப்புகருவி. சுமார் 75 அடிக்கு அப்பால் வேறோர் அறையில் பெறுகருவியும் அதனோடு இணைந்த மணியும் வெடிமருந்தும். இடையில் கம்பி ஏதும் இல்லை, சுவர்கள் இருந்தன. வங்காளத்தின் துணைநிலை ஆளுநரும் அலைகளின் வழியிலேயே இருந்தார். ஜகதீஷ் பொறியை இயக்கினார். அப்பால் இருந்த அறையில் மணி ஒலித்தது, வெடிமருந்து தீப்பற்றியது. ஆளுநருக்கு ஊறு ஏதும் நேரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய சோதனைப் பொருள்களுள் சில எவரும் எதிர்பாராதவை. அலைகளின் அதிர்வுத் திசையை ஆராய, பிராட்ஷா என்னும் இரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே உலோகத் தகடுகளைச் செருகிப் பயன்படுத்தினார். வங்காளத்தில் எங்கும் விளையும் சணலை முறுக்கிக் கற்றையாக்கி, அதனூடே செல்லும் அலையின் திசை திரும்புவதைக் காட்டினார். 1897ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் இலண்டன் அரச நிறுவனத்தில் அவர் சொற்பொழிவாற்றியபோது, தாம் செய்த சிறிய கருவிகளையே எடுத்துச் சென்று சோதனைகளைச் செய்துகாட்டினார்.

வானொலியைக் கண்டுபிடித்தவர் ஜகதீஷே என்று சிலர் கூறுவதுண்டு. அவ்வளவு எளிதாக முடிவு கூற இயலாது. இத்தாலியரான மார்க்கோனி நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்புவதையே நோக்கமாகக் கொண்டார். அதற்கு நீண்ட அலைகளே பொருந்தின. ஜகதீஷ் நாடியது அலைகளின் இயல்பை அறிவதை. அவர் கையாண்டவை ஓர் அறைக்குள்ளும் அடுத்த அறைக்கும் செல்லும் குறும் அலைகள். இருவர் பாதையும் வேறு. ஆயினும், அலைகளை உணர்வதற்கு அவர் அமைத்த கருவிகள் பிறருக்கும் வழிகாட்டின.

1901ஆம் ஆண்டு, தந்தித் தொழிலில் பெருஞ்செல்வரான ஒருவர் அவரை அணுகி, அவர் கண்டுபிடிப்புக்குத் தாமே காப்புரிமை பெற்றுத் தருவதாகவும், வருவாயில் பங்கு அளிப்பதாகவும் கூறினார். அறிவு விற்பனைப் பொருளாவதை ஜகதீஷின் மனம் ஏற்கவில்லை. தாம் மறுத்ததைத் தம் நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதம் வழியாகத் தெரிவித்தார். பின்னர், சகோதரி நிவேதிதை முதலிய நண்பர்கள் வற்புறுத்தியதால் அலையுணர் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால், அவர் அதனால் பொருள் ஈட்டாமல் காலாவதியாக விட்டுவிட்டார். நண்பர்களுக்கு இது வருத்தமளித்தது. அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆய்வுக்கூடம் அமைக்கப் பொருளின்றி அவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அதன்பின் அவர் கவனம் தாவரங்களின்பால் திரும்பியது. தொட்டாற்சுருங்கி முதலிய செடிகள் தூண்டலுக்கு எவ்வாறு எதிர்வினை புரிகின்றன என்று ஆராய்ந்து, செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை அமைத்தார். வங்கமொழியில் கதையும் கட்டுரையும் எழுதினார். கூந்தல் தைலத்தால் புயல் அடங்கிய கதையொன்றை அவர் எழுதிப் பரிசும் பெற்றார் என்பது பலர் அறியாத செய்தி.

1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்தநாளில், கொல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1920இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், இன்றைய சார்க்கண்டு மாநிலத்தில் உள்ள கிரிடியில் காலமானார்.

புளூடூத் கருவிகள் இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குகின்றன. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். ஜகதீஷ் உண்டாக்கிய 5 மில்லிமீட்டர் அலையோ 60 கிகாஹெர்ட்ஸ் அலைவெண் உடையது. ஓர் அறைக்குள் கணினிக்கும் திரைக்கும் இடையே மிக விரைவாகத் தரவுகளை அனுப்ப அந்த அலைவெண்ணைப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே வந்தது. 2012ஆம் ஆண்டு ஐ.இ.இ.இ. என்னும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு அவருடைய 1894 முதல் 1896 வரையிலான சோதனைகளைத் தொழில்நுட்ப வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்தது. தகரக் கொல்லரின் துணையுடன் தொடங்கிய அந்த ஆய்வின் கருவிகள் போஸ் நிறுவனத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.