ஜகதீஷ் சந்திர போஸும் எங்கள் தோட்டத்துத் தட்டைப்பயறும்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், யாராவது ஒரு அறிஞரின் வாழ்க்கையாக இருந்தால் மாணவர்களுக்குப் பயன்படும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. 2010-ல் நம் கல்லூரியை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து நான் எழுதியதெல்லாம் மெயின்டனன்ஸ் ரிப்போர்ட்தான். இருந்தாலும் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே ஆசை. அந்த ஆசையைக் கிளப்பி விட்டது எங்க அப்பா கேட்ட ஒரு கேள்வி.

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்பியது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் செய்த ஒரு சின்னப் பெட்டி அதில் போனது. க்ராப்ஸ் என்று அதற்குப் பெயர். உள்ளே 8 தட்டைப்பயறு விதைகள். பூமியைச் சுற்றிக்கொண்டே நாலு நாளில் முளை விட்டன. 2025 ஜனவரி முதல் வாரத்திலேயே இலையும் விரிந்துவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அந்தப் படத்தை அப்பாவிடம் போனில் காட்டினேன். வேடசந்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். முருங்கைக்கு நடுவே ஊடுபயிராகத் தட்டைப்பயறு போடுவது அப்பாவின் வழக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். முளைக்கிறது சரிப்பா, பக்கத்தில் நின்று பார்க்க அங்கே யார் இருக்கா என்று கேட்டார்.

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. காரணம், அந்தக் கேள்வியிடம் நான் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவன்.

சில வருஷங்களுக்கு முன் தக்காளி போட்டிருந்த சமயம். படித்த படிப்பை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று மண் ஈரத்தை அளக்கும் சென்சார் ஒன்றைப் புதைத்து, சொட்டுநீர் வால்வோடு இணைத்து, கணக்கைப் போனில் பார்க்கிற மாதிரி செய்து வைத்தேன். தங்கச்சி பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் பத்து நாள் மதுரையில் இருக்க வேண்டியதாயிற்று. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். தினமும் போனில் பார்ப்பேன். ஈரம் இருக்கிறது என்று பச்சை விளக்கு காட்டும். நிம்மதியாகத் தூங்குவேன். திரும்பி வந்து பார்த்தால் பாதிக்கு மேல் காய்ந்து போயிருந்தது. நான் சென்சார் புதைத்திருந்தது ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சொட்டுவானுக்குப் பக்கத்தில். அந்த ஒரு சாண் மண் மட்டும் நனைந்தே இருந்தது. அது சொன்னதை நம்பி வால்வு திறக்கவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. அந்தப் போகத்துக்கு வாங்கிய கடனை அடைக்க அப்பாவுக்கு ஒரு வருஷம் ஆனது.

அவர் திட்டவில்லை. சுருண்டு போன ஒரு இலையைக் கிள்ளிக் கையில் கொடுத்தார். மண்ணைக் கேட்டாய், செடியைக் கேட்கவில்லையே என்று மட்டும் சொன்னார்.

செடியைக் கேட்பது எப்படி? அதைத் தேடிப் போனபோதுதான் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பத்தியாக மட்டும் தெரிந்திருந்த ஜகதீஷ் சந்திர போஸை நான் சரியாகப் படித்தேன்.

போஸ் 1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்டிரேட். அந்தக் காலத்தில் அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவார்கள். இவரோ மகனைத் தாய்மொழியான வங்காளியில் பாடம் நடத்தும் பள்ளியில் சேர்த்தார். பெஞ்சில் ஒரு பக்கம் அப்பாவிடம் வேலை பார்த்த முஸ்லிம் ஊழியரின் மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். பறவை, மீன், செடி கொடி பற்றிய கதைகளை அவர்களிடம் கேட்டுத்தான் போஸுக்கு இயற்கையின் மேல் மோகம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, நம் கல்லூரியில் முதல் செமஸ்டரில் முழி பிதுங்கிய என் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி ஒரு டம்ளர் மோர் மாதிரி!

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஏற்கெனவே இருந்த காய்ச்சல் அங்கே விடாமல் படுத்தியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் லார்டு ராலே.

1885-ல் கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளமோ வெள்ளைக்காரப் பேராசிரியருக்குத் தருவதில் மூன்றில் ஒரு பங்குதான். போஸ் சண்டை போடவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. பாடத்தை ஒழுங்காக நடத்தினார், சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். ஒரு மாசம் இரண்டு மாசம் இல்லை, மூன்று வருஷம்! அப்பாவோ பொதுநலக் காரியங்களில் பணம் போட்டுக் கடன்பட்டிருந்தார். அந்த நெருக்கடியிலேயே, 1887-ல், கல்யாணமும் நடந்தது. மனைவி அபலா நம் சென்னையில் மருத்துவம் படித்தவர். உடம்பு முடியாமல் பாதியில் திரும்பியவர், பிற்காலத்தில் பெண் கல்விக்குப் பெரிய தொண்டு செய்தார். கடைசியில் அரசு இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது.

கல்லூரியில் அவருக்கு நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு குட்டி அறையும், தகர வேலை தெரிந்த ஒரு தொழிலாளியும்தான். அந்த ஆளுக்குச் சொல்லிக் கொடுத்து உலகத் தரத்தில் கருவிகள் செய்ய வைத்தார். நாகல்நகர்ப் பட்டறைகளில் அரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம்ம ஊர்ப் பூட்டைச் செய்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கை சுத்தமாக இருந்தால் பட்டறை சின்னதாக இருந்தாலும் போதும். அந்தக் கருவிகளை வைத்து 5 மில்லிமீட்டர் வரையிலான மிகக் குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கினார். கல்கத்தா டவுன் ஹாலில், கம்பியில்லாமல், சுவரைத் தாண்டி மணியடிக்கவும் வெடிமருந்தைப் பற்ற வைக்கவும் செய்து காட்டினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேச அழைப்பு வந்தது. இதை வைத்தே பெரும் பணக்காரராகி இருக்கலாம். பேடன்ட் எடுப்பதிலேயே அவருக்கு விருப்பமில்லை. வெளிநாட்டு நண்பர்கள் வற்புறுத்தி 1904-ல் அமெரிக்காவில் ஒன்று வாங்கினார்கள். அதையும் அவர் அப்படியே காலாவதியாக விட்டுவிட்டார்.

அலைகளை வாங்கும் கருவி தொடர்ந்து வேலை செய்தால் அதன் உணர்வு மங்குவதையும், சும்மா விட்டால் மீள்வதையும் போஸ் கவனித்தார். உலோகமே களைத்துப் போகிறதென்றால் செடி? இந்த ஒரு சந்தேகம் அவரைப் பௌதிகத்திலிருந்து தாவரத்துக்குத் திருப்பியது. 1901-ல் லண்டனில் இதைச் சொன்னபோது உடலியல் வல்லுநர்கள் முகம் சுளித்தார்கள். பௌதிகக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்பது அவர்கள் கட்சி. ராயல் சொஸைட்டி அவருடைய கட்டுரையை அச்சிடாமல் நிறுத்தி வைத்தது. போஸ் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. சாட்சி சொல்ல வேண்டியது செடி, அது தன் கையால் எழுதட்டும் என்று கருவி செய்ய உட்கார்ந்துவிட்டார்.

அப்படி வந்ததுதான் கிரெஸ்கோகிராஃப். ஒரு நாளைக்கு ஒரு அங்குலம் வளரும் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடியில் அது வளர்வது மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. போஸ் செடியின் நுனியை நெம்புகோலில் கட்டி, அதை இன்னொரு நெம்புகோலோடு சேர்த்து, அசைவை 10,000 மடங்கு பெரிதாக்கினார். விநாடிக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும், வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். முனை தேய்ந்துகொண்டே போனால் உராய்வு வருமே? அதற்காகப் புகை படிந்த கண்ணாடித் தகட்டை முன்னும் பின்னும் ஆட்டி, முனை புள்ளி புள்ளியாக மட்டும் தொடும்படி செய்தார். பின்னால் காந்தத்தைப் பயன்படுத்தி, பெருக்கத்தைக் கோடி மடங்கு வரை கொண்டு போனார். தண்ணீர் ஊற்றினால், உரம் போட்டால், விஷம் வைத்தால் செடியின் வளர்ச்சி எப்படி மாறுகிறது என்பது சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்தக் கருவியின் ஒரு பேரன் என்னிடம் இருந்திருந்தால் அந்தத் தக்காளி பிழைத்திருக்கும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஃபரீத்பூரில் ஒரு ஈச்ச மரம் இருந்தது. சாயங்காலம் கோயில் மணியடிக்கும் நேரத்தில் தலை தாழ்த்திக் கிடக்கும், காலையில் நிமிர்ந்து நிற்கும். மரம் சாமி கும்பிடுகிறது என்று கூட்டம் கூடியது. போஸ் அந்த மரத்திலும் கருவியைக் கட்டினார். இரவும் பகலும் அது நகர்ந்துகொண்டே இருப்பது தெரிந்தது. புவியீர்ப்பை எதிர்த்து நிமிர மரம் முயல்கிறது, வெப்பம் ஏறும்போது அந்த முயற்சி தளர்கிறது, குளிர்ந்ததும் திரும்ப எழுகிறது என்று விளக்கினார். பக்தியைக் கேலி செய்யாமல் காரணத்தை மட்டும் கண்டுபிடித்தார்.

1914-ல் தொட்டாச்சிணுங்கியையும், நம் சித்த வைத்தியர்கள் தொழுகண்ணி என்று சொல்லும், இலை தானாக ஆடும் செடியையும் கப்பலேற்றி, குளிரிலிருந்து காப்பாற்றி, லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், வியன்னா எல்லாம் கொண்டுபோய் உயிரோடு காட்டினார். 1917-ல், தன் 59-வது பிறந்த நாளில், சொந்தச் சேமிப்பைப் போட்டு, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். ஒரு காலத்தில் கட்டுரையை நிறுத்தி வைத்த அதே ராயல் சொஸைட்டி 1920-ல் அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் காலமானார்.

அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தில் நீர் மேலே ஏறுவது செல்களின் துடிப்பால் என்ற அவர் கொள்கையை விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் சைகைகள் ஓடுகின்றன என்பது இன்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். வேர் கீழே போவதற்குக் காரணம், வேர் நுனிச் செல்களுக்குள் இருக்கும் மாவுப்பொருள் மணிகள் எடையால் அடியில் படிவது. சுற்றுப்பாதையில் எதுவும் படியாது, வேருக்குத் திசை குழம்பும். தண்ணீர் வடியாமல் வேரைப் போர்வை போலச் சுற்றி மூச்சடைக்க வைக்கும். சூடான காற்று மேலே எழாது, விசிறி வைத்தால்தான் இலையைச் சுற்றிக் காற்று மாறும். இத்தனைக்கும் நடுவில், பக்கத்தில் ஆளே இல்லாமல் 8 விதையை முளைக்க வைத்தார்கள் என்றால், அந்தப் பெட்டிக்குள் கேமராவும், ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் அளக்கும் கருவிகளும் இருந்தன. செடி தன் கதையைத் தானே எழுதி அனுப்பியது. போஸ் விண்வெளிப் பயிரை நினைத்து உழைத்தவர் அல்ல. ஆனால் ஆள் இல்லாத இடத்தில் பயிர் செய்ய முதலில் எது வேண்டுமோ, அதற்கு அவர் அன்றே வழி போட்டு வைத்தார். இதை நான் சொல்லி முடித்ததும் அப்பா ஒன்றுதான் கேட்டார். சென்சாரை எங்கே புதைத்தார்கள் என்று!

நிலாவின் மறுபக்கத்தில், தென் பகுதியில், 91 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு போஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2019 ஜனவரியில் சீனாவின் சாங்-ஏ 4 இறங்கியதும் அதே வட்டாரத்தில்தான். அதிலிருந்த பெட்டிக்குள் ஒரு விதை முளைத்தது. நிலாவில் முளைத்த முதல் செடி அது. என்ன விதை தெரியுமா? பருத்தி! பஞ்சாலைச் சங்குச் சத்தத்தில் எழுந்து படித்த திண்டுக்கல்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நிலாவில் இரவு வந்ததும் குளிரில் அது செத்துப் போனது. அந்தக் குளிரைத் தாங்க வைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

தம்பி தங்கைகளே, அந்தப் பாக்கியில் ஒரு பங்கு உங்களுடையது. லேப் சின்னது, இங்கிலீஷ் வரவில்லை, நம்மை யார் மதிப்பார்கள் என்று தயங்க வேண்டாம். போஸுக்கும் இதில் பாதி இருந்தது. ஆனால் கருவி செய்யும் முன் ஒரு நாள் காலையில் வரப்பில் இறங்கி, ஒரு இலையைத் தொட்டுப் பாருங்கள். நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு போகம் தக்காளியைக் கொடுத்தேன்.

இந்தத் தடவை சென்சாரை நட்டநடு வரிசையில் புதைத்திருக்கிறேன். இடம் காட்டியது அப்பா.