மறைத்த பெயரை மார்பில் அணிந்தவர்

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோவையில் படித்தபோது, சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களுடன் பழகவில்லை. மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே புத்தகத்துடன் காத்திருப்பார். பின்னர் நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தார். 1893இல் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். தீண்டப்படாத மக்களுக்குப் பாதுகாப்புக் கோரும் மனுவை அம்பேத்கருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் அளித்தார். பள்ளியில் மறைத்த சாதிப் பெயரைப் பொறித்த பேட்ஜை மார்பில் அணிந்தே மன்னரைச் சந்தித்தார். 1945இல் மறைந்தார்.

காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு அஞ்சி ஒதுங்க வேண்டாம். ஆங்கிலம் நம் உரிமையைக் கேட்க உதவும் கருவி. தப்பு வந்தாலும் பேசிப் பழகுங்கள்.