மறவர் நாட்டை வளர்த்த கிழவன் சேதுபதி

நம் விருதுநகர்ச் சீமை 1985-ம் ஆண்டுவரை இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்ததை நம் பெரியோர் அறிவர். அந்த இராமநாதபுரத்தைத் தலைநகராக்கி, மறவர் நாட்டைப் பேரரசர்களும் மதிக்கும் இராச்சியமாக உயர்த்தியவர் இரகுநாதர் எனப்படும் கிழவன் சேதுபதி. அர்ச். அருளானந்தருக்கு மரணத் தீர்ப்பிட்டவரும் இவரே. ஆதலின் இவருடைய சரித்திரத்தை நாம் அறிவது நன்று.

1605-ம் ஆண்டில் மதுரை மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், இராமேசுவர யாத்திரிகர் செல்லும் வழியைக் கள்வரிடமிருந்து காக்கும்படி சடைக்கன் என்பவரைச் சேதுபதியாக்கினார். வழிக்காவலில் பிறந்த அந்தச் சிறு நாடு, 1670-களில் பட்டத்துக்கு வந்த கிழவன் சேதுபதியின் கையில் பெருகிற்று. அவர் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை எழுப்பினார். தம் மைத்துனர் தொண்டைமானைப் புதுக்கோட்டைக்குத் தலைவராக்கினார். 1702-ல் ராணி மங்கம்மாள் அனுப்பிய படையையும் முறியடித்து, மதுரைக்கு அடங்காத மன்னரானார்.

இத்தகைய வீரர் ஓர் ஏழைக் குருவுக்கு அஞ்சினார். லிஸ்பன் நகரில் பிறந்த சேசு சபைக் குருவாகிய அருளானந்தரை 1686-ல் சிறைப்பிடித்தபோது, தம் நாட்டில் இனிப் போதிக்கலாகாதென்று கட்டளையிட்டு விடுதலை செய்தார். சுவாமியாரோ மீண்டும் வந்தார். அரச வம்சத்துத் தடியத் தேவர் நோய் நீங்கப்பெற்று, 1693-ம் ஆண்டு மூவிராசாக்கள் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றார். ஒரே மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சீவனத்துக்கு வழிசெய்து விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் அரசரிடம் முறையிட்டாள். தமக்குப் போட்டியாக எழக்கூடிய தேவரின் பக்கம் மக்கள் சேர்வார்களோ என்ற ஐயமும் கலந்தது. சுவாமியார் ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, பிப்ரவரி மாதம் 4-ந் தேதி வெட்டுண்டு வேதசாட்சியானார்.

தூர தேசமான லித்துவேனியாவும் இவ்வாறே வாளால் வளர்ந்த நாடு. அதன் மன்னர் யோகைலா 1386-ல் ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டு முதல் குடிகளும் திருச்சபையில் சேரலாயினர். நம் சேதுபதிக்கும் அழைப்பு வாசல்வரை வந்தது, அவர் திறக்கவில்லை. 1710-ல் முதுமையில் அவர் மாண்டபோது, 47 மனைவியர் உடன்கட்டை ஏறினர் என்று அக்காலக் குருமார் எழுதியுள்ளனர். திருமணத்தின் மேன்மையைச் சொன்ன குருவைக் கொன்ற நாட்டில் எத்தனை பெண்கள் நெருப்புக்கு இரையாயினர் பாருங்கள்!

இன்று அந்த இராச்சியமில்லை. அருளானந்தரையோ 1947-ல் பரிசுத்த பிதா 12-ம் பத்திநாதர் அர்ச்சியசிஷ்டர் பட்டத்துக்கு உயர்த்தினார். ஓரியூருக்கு இன்றும் மக்கள் திரள்கின்றனர். பெற்றோர்களே, உங்கள் இல்லறத்தின் ஒருமையும் தூய்மையும் ஒரு வேதசாட்சியின் இரத்தம் சிந்திக் காக்கப்பட்ட செல்வம் என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கிழவன் சேதுபதியின் ஆத்துமத்தையும் சர்வேசுரனுடைய இரக்கத்துக்கு ஒப்புக்கொடுப்போமாக.