ஹெடி லாமர்: ஹாலிவுட் நடிகையின் காகிதச் சுருளும் உங்கள் ப்ளூடூத் சாவியும்

காதில் இயர்பட்ஸ், கையில் ஸ்மார்ட்வாட்ச், ஏறி உட்கார்ந்ததுமே போனோடு கனெக்ட் ஆகிற கார். ப்ளூடூத் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்கிற நிலைக்கு வந்துவிட்டோம். ப்ளூடூத் பற்றிப் பேச்சு வந்தாலே சமூக வலைதளங்களில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவும் சுற்ற ஆரம்பிக்கும். படத்தில் இருப்பவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லாமர். இவர்தான் ப்ளூடூத்தைக் கண்டுபிடித்தவர் என்று கீழே ஒரு வரி இருக்கும். உண்மையா? பாதி உண்மை. மீதிக் கதையில் நம் போனுக்கே ஒரு பாடம் இருக்கு.

யார் இந்த ஹெடி லாமர்?

1914 நவம்பர் 9 அன்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் பிறந்தவர். இயற்பெயர் ஹெட்விக் கீஸ்லர். அப்பா வங்கி அதிகாரி, அம்மா பியானோ கலைஞர். 1933-ல் வெளியான 'எக்ஸ்டசி' படம் அவருக்குப் புகழையும் சர்ச்சையையும் சேர்த்தே கொடுத்தது. அதே ஆண்டில், 18 வயதில், ஃபிரிட்ஸ் மாண்டல் என்ற ஆயுத உற்பத்தியாளரைத் திருமணம் செய்தார். மாண்டலுக்கு மனைவி நடிப்பது பிடிக்கவில்லை. வீட்டு விருந்துகளுக்கு வருபவர்கள் ஆயுதங்களைப் பற்றிப் பேசுவார்கள். அழகுப் பொம்மை போல பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெடியின் காதிலும் அதெல்லாம் விழுந்தது.

1937-ல் அந்தத் திருமணத்தை விட்டுத் தப்பி லண்டன் போனார். அங்கே எம்ஜிஎம் ஸ்டூடியோவின் லூயிஸ் பி. மேயரைச் சந்தித்தார். 1938-ல் வெளியான 'அல்ஜியர்ஸ்' படத்தோடு ஹாலிவுட் நட்சத்திரம் ஆகிவிட்டார். உலகின் பேரழகி என்று விளம்பரம் செய்தார்கள். ஷூட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்தால் அவர் உட்கார்ந்தது வரைபட மேசை முன்னால்.

காகிதச் சுருளில் ஒரு ஐடியா

1940 செப்டம்பர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனிலிருந்து கனடாவுக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. பாதுகாப்பு தேடிப் போன அந்தக் குழந்தைகளில் 77 பேர் இறந்தனர். எதிரிக் கப்பல்களைத் தாக்கும் டார்பிடோவை ரேடியோ மூலம் துல்லியமாக வழிநடத்த முடியுமா என்று அந்தக் காலகட்டத்தில்தான் ஹெடி யோசித்தார்.

அதில் ஒரு சிக்கல். ரேடியோ கட்டளை ஒரே அலைவரிசையில் போனால் எதிரி அதைக் கண்டுபிடித்து, அதிலேயே இரைச்சலை அனுப்பிக் கெடுத்துவிடுவான். அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருந்தால்? அனுப்புகிற கருவியும் வாங்குகிற கருவியும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் தாவினால் எதிரியால் பிடிக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகத் தாவவைக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல் கைகொடுத்தார். தானாக வாசிக்கும் பியானோக்களில் ஓட்டை போட்ட காகிதச் சுருள் இருக்கும். அதே மாதிரிச் சுருளை இரண்டு பக்கமும் வைத்தார்கள். பியானோவின் 88 கட்டைகள் போல 88 அலைவரிசைகள்.

1942 ஆகஸ்ட் 11-ல் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையோ அதைப் போரில் பயன்படுத்தவே இல்லை. போர் நிதிப் பத்திரங்கள் விற்கத்தான் அந்த நட்சத்திரம் தேவைப்பட்டார். 1959-ல் காப்புரிமைக் காலம் முடிந்தது. ஹெடிக்கு அதில் பணம் எதுவும் வரவில்லை.

அப்போ ப்ளூடூத்?

நாம் பயன்படுத்தும் வழக்கமான ப்ளூடூத் 79 சேனல்களுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. தத்துவம் ஹெடியுடையதுதான். ஆனால் அலைவரிசைத் தாவல் பற்றி அவருக்கு முன்பே யோசித்தவர்கள் உண்டு. ப்ளூடூத்தை உருவாக்கும் வேலை 1994-ல் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. அதனால்தான் பாதி உண்மை என்றோம்.

இன்னொரு வித்தியாசம் முக்கியம். ஹெடியின் திட்டத்தில் தாவும் வரிசையே ரகசியம். ப்ளூடூத்தில் அது ரகசியம் இல்லை, மற்ற சிக்னல்களோடு மோதாமல் இருக்கத்தான் தாவுகிறது. ஒட்டுக்கேட்காமல் தடுக்கும் பூட்டு வேறு. அதுதான் என்க்ரிப்ஷன் சாவி.

அந்தச் சாவியில்தான் ஓட்டை. 2019 ஆகஸ்டில் ஆய்வாளர்கள் 'நாப்' என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். இரண்டு கருவிகள் இணையும்போது சாவி எத்தனை பைட் பலத்தில் இருக்கணும் என்று பேசி முடிவு செய்யும். 1 முதல் 16 பைட் வரை விதிமுறையே அனுமதித்தது. பேச்சும் பூட்டில்லாத வெட்டவெளியில். இரண்டு கருவிகளுக்கும் அருகில் இருக்கும் ஒருவர் நடுவில் புகுந்து 1 பைட் போதும் என்று மாற்றிவிடலாம். ஏற்கெனவே பேர் செய்த கருவிகளும் தப்பாது. உங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

1 பைட் என்றால் 256 வாய்ப்புகள்தான். சூட்கேஸில் இருக்கும் மூன்று இலக்கப் பூட்டுக்கே 1,000 வாய்ப்புகள் இருக்கு! ஆய்வாளர்கள் சோதித்த 17 வகை சிப்களும் இதில் சிக்கின. ஹெடியின் சுருளில் இந்தப் பேரமே கிடையாது. ரகசியம் கிளம்பும் முன்பே இரண்டு பக்கமும் ஏற்றப்பட்டிருக்கும்.

நாம் என்ன செய்யணும்?

குறைந்தது 7 பைட் சாவி வேண்டும் என்று பிறகு விதிமுறை திருத்தப்பட்டது. அதாவது சுமார் 720 கோடி கோடி வாய்ப்புகள். போன் நிறுவனங்களும் அப்டேட் வெளியிட்டன. நல்ல செய்தி என்னன்னா, இரண்டு கருவிகளில் ஒன்று பலவீனமான சாவியை மறுத்தாலே இந்தத் தாக்குதல் நடக்காது. பழைய ஹெட்செட்டுக்கு அப்டேட் வராவிட்டாலும் போனை அப்டேட் செய்தால் போதும். 2019-க்குப் பிறகு அப்டேட்டே வராத போனில் வங்கி, அலுவலக ரகசியங்களை ப்ளூடூத் வழியாகப் பேச வேண்டாம். தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தும் காற்றில் போகும் என்பதால் ப்ளூடூத் கீபோர்டுக்கும் இது பொருந்தும். தேவையில்லாதபோது ப்ளூடூத்தை ஆஃப் செய்துவிடுங்கள்.

ஹெடிக்கு அங்கீகாரம் 1997-ல்தான் கிடைத்தது, எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் வழங்கிய விருதாக. அப்போது அவருக்கு 82 வயது. 2000 ஜனவரி 19 அன்று ஃபுளோரிடாவில் காலமானார். 2014-ல், அவர் பிறந்து நூறாவது ஆண்டில், அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது.

அடுத்த முறை அந்த கறுப்பு வெள்ளை போட்டோவை ஷேர் செய்யும் முன், செட்டிங்ஸில் கடைசி அப்டேட் எப்போது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.