பிரிவுகளில் வளர்ந்த சிறுமலர்

சிறு சொல்லுக்கும் கண்கலங்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? அப்பிள்ளையைக் கோழை என்று தள்ளிவிடாதீர்கள். லிசியே நகர்ப் புனித தெரேசாவும் அத்தகையவரே.

1873இல் பிரான்சு நாட்டில் பிறந்த அவர், நான்கு வயதில் தாயை இழந்தார். அக்காள் போலினையே தாயாக வரித்துக்கொண்டார். 1882இல் போலினும் கார்மேல் மடம் புகுந்தார். மறு ஆண்டு தெரேசா கடும் நோயுற்றார். தேவதாயின் சொரூபத்தை நோக்கிச் செபித்த வேளையில் குணமடைந்தார். ஆயினும் எதற்கெடுத்தாலும் அழும் சுபாவம் நீங்கவில்லை.

1886 நத்தார் இராப்பூசை முடிந்து வீடு திரும்பியபோது, களைத்திருந்த தந்தை சலிப்புடன் சொன்ன ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தது. பொங்கிய கண்ணீரை அடக்கிக்கொண்டு, முகமலர்ச்சியோடு சென்று தந்தையை மகிழ்வித்தார். இழந்திருந்த மனவுறுதியை அவ்விரவில் இறையருளால் மீண்டும் பெற்றார்.

1888இல், 15ஆம் வயதில், அவரும் கார்மேல் புகுந்தார். மறு ஆண்டே தந்தை மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தெரேசாவின் உள்ளம் நொந்தது, ஆனால் உடைந்துவிடவில்லை. பெரிய செயல்களால் தம் மதிப்பைத் தேடாமல், தம் சிறுமையை ஏற்று, குழந்தையைப்போல் இறைவனின் கரங்களில் தம்மை ஒப்படைத்தார். உணவறையிலும் சலவைத் துறையிலும் சின்னஞ்சிறு கடமைகளை அன்போடு செய்தார்.

1897இல், 24ஆம் வயதில், காசநோயால் மரித்தார். 1925இல் புனிதராகவும், 1997இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்டார்.

இளம் வாசகரே, பாசமுள்ள இதயம் ஒரு குறையல்ல. ஒருபோதும் பிரியாத ஆண்டவரில் அது வேரூன்றினால், எப்பிரிவையும் தாங்கும்.